முதுகும் தெரியும் நட்சத்திரம்

ஒரு டென்னிஸ் பந்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிச் சுழற்றிப் பாருங்கள். பொட்டு பின்பக்கம் போனதும் மறைந்துவிடும். நியூட்ரான் நட்சத்திரத்தில் அப்படியில்லை. அதன் ஈர்ப்பு விசை ஒளியையே வளைத்து நம் பக்கம் திருப்புவதால், விளிம்பைத் தாண்டிய பொட்டும் சற்று நேரம் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். ஒரே எடையுள்ள நட்சத்திரம் எவ்வளவு சிறிதாகச் சுருங்கியிருக்கிறதோ, அவ்வளவு கூடுதலாக அதன் முதுகு தெரியும். அதன் அளவைக் கண்டுபிடிக்க இதுதான் பிடி.

பல்சர் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். அதன் காந்தத் துருவங்களில் துகள்கள் வந்து மோதுவதால் அந்த இடம் மட்டும் பத்து லட்சம் டிகிரி அளவுக்குக் கொதித்து எக்ஸ் கதிர் வீசுகிறது. நம் பொட்டு அதுதான்.

இதைப் பார்க்கவே நாசா 2017 ஜூனில் நைசர் என்ற கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. எக்ஸ் கதிர் கண்ணாடியில் நேராக விழுந்தால் திரும்பாது. ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால் குளத்து நீரில் தத்திப் போகுமே, அதுபோலப் படுகிடையாகத் தொட்டால்தான் தெறிக்கும். அதனால் தங்கப் பூச்சுள்ள மெல்லிய தகடுகளை வளையத்துக்குள் வளையமாக அடுக்கி, அப்படி 56 குவிப்பான்கள் வைத்திருக்கிறார்கள். வந்து சேரும் ஒவ்வொரு ஒளித்துகளின் நேரத்தையும் மைக்ரோ நொடியைவிடத் துல்லியமாகக் கருவி குறித்துக்கொள்கிறது.

முதலில் அகப்பட்டது ஜே0030+0451 என்ற பல்சர். சுமார் 1,100 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு 205 முறை சுழல்வது. 2019 டிசம்பரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டன. ஒன்றுக்குக் கிடைத்தது சூரியனைப்போல் 1.34 மடங்கு நிறை, 12.7 கிலோமீட்டர் ஆரம். மற்றதற்கு 1.44 மடங்கு, 13 கிலோமீட்டர். தனித்தனி வழியில் போயும் இவ்வளவு அருகில் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. பொட்டுகளோ எதிரெதிர் துருவங்களில் இல்லை; இரண்டுமே தென்பாதியில் இருப்பதாகக் கணக்கு சொன்னது. சட்டக் காந்தம்போல வரைந்து வந்த பாடநூல் படம் அங்கே பொருந்தவில்லை.

2021இல் ஜே0740+6620இன் முறை. நிறை சூரியனைப்போல் 2.08 மடங்கு. இவ்வளவு பாரம் ஏறினால் நட்சத்திரம் நசுங்கிச் சிறுக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆரம் 12.4 என்றது ஒரு குழு, 13.7 என்றது இன்னொன்று. ஏறக்குறைய முதல் பல்சரின் அளவேதான். உள்ளே இருக்கும் பொருள், பலர் நினைத்ததைவிட விறைப்பாக எதிர்த்து நிற்கிறது.