வெள்ளிக்காதுக் குருவியைத் தேடிப் போங்கள், வாங்கிவிடாதீர்கள்

பிரேசர் மலையில் காலை ஏழு மணிக்கே எழுந்து வெளியே வருபவர்களுக்குத்தான் இந்தக் காட்சி கிடைக்கும். இரவெல்லாம் தெருவிளக்கைச் சுற்றிய அந்துப்பூச்சிகள், விடியும் நேரத்தில் சுவரிலும் கம்பத்திலும் சோர்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பொறுக்கித் தின்ன மலைப்பறவைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் முதலில் கண்ணில் படுவது சில்வர் இயர்ட் மெசியா. எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளிக்காதுக் குருவி என்று பெயர்.

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளித் தகடு பதித்ததுபோல் ஒரு திட்டு, மஞ்சள் அலகு, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தொண்டை, இறக்கையில் ஒரு சிவப்புக் கீற்று. இத்தனை நிறத்தையும் ஒரே பறவைக்குக் கொடுத்தது கொஞ்சம் அதிகம்தான்! அதன் அறிவியல் பெயரிலுள்ள ‘அர்ஜென்டாரிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் வெள்ளிக்காது என்றுதான் பொருள். இமயமலை முதல் மியன்மார், தாய்லாந்து, நம் தீபகற்பம், சுமத்ரா வரை இது உண்டு. ஆனால் இங்கே மலைக்காட்டில் மட்டும்தான். கோலாலம்பூரில் எத்தனை மரம் நட்டாலும் வராது.

தனியாகச் சுற்றாது. புதரோடு புதராகக் கூட்டமாகப் போகும். போகும்போது ஒன்றையொன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாட்டு, உரத்த இனிய சீழ்க்கை. பனிமூட்டத்தில் பறவை தெரியாவிட்டாலும் பாட்டு தெளிவாகக் கேட்கும்.

அந்தப் பாட்டுதான் அதற்கு வினை.

ஈப்போவில் என் மாமா ஒருவர் ஐந்தாறு ஜம்புல் குருவிகள் வளர்க்கிறார். நேரத்துக்குத் தீனி, குளியல், வெயில் எல்லாம் உண்டு. நான் எடுத்த படத்தைப் பார்த்ததும், “இது ஒன்னு கெடைச்சா நல்லா இருக்கும்டா. எங்க விக்கிறாங்க?” என்றார்.

“விக்கிறதெல்லாம் பெரும்பாலும் காட்டுல பிடிச்சதுதான் மாமா.”

“நான் நல்லாத்தானே பாத்துக்குவேன்?”

பார்த்துக்கொள்வார், சந்தேகமே இல்லை. ஆனால் பறவையை வெறுப்பவர்கள் யாரும் அதை விலை கொடுத்து வாங்குவதில்லை. காடு காலியாவது மாமாவைப் போன்றவர்களின் ஆசையால்தான்.

பிடிப்பதும் சுலபம். கூண்டில் ஒரு குருவியைப் பாடவிட்டால் காட்டிலிருப்பவை பதில் சொல்லிக்கொண்டே அருகில் வரும். கூட்டமாக வருவதால் ஒரே வலையில் பல சிக்கிவிடும். 1997-லேயே இந்தக் குருவி சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாமல் நாடு கடத்தி விற்கக் கூடாது. ஆனாலும் சுமத்ராவில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2014-இல் டிராஃபிக் அமைப்பினர் ஜகார்த்தாவின் மூன்று பறவைச் சந்தைகளில் மூன்று நாள் கணக்கெடுத்தபோது, 206 இனங்களைச் சேர்ந்த 19,000-க்கும் மேற்பட்ட பறவைகள் விற்பனைக்கு இருந்தன. அடுத்த ஆண்டே ஆசியப் பாடும் பறவைகளின் நெருக்கடி குறித்து வல்லுநர்கள் சிங்கப்பூரில், ஜூரோங் பறவைப் பூங்காவில் கூடிப் பேசினார்கள். ஹாங்காங் குன்றுகளில் இன்று இந்தக் குருவி கூடு கட்டி வாழ்கிறது. அங்கே அது சொந்தப் பறவையே அல்ல. கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசு.

மலைப்பறவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மலையில் தீர்ந்துபோனால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்புவது எளிதல்ல. இடையில் சூடான தாழ்நிலம், நெடுஞ்சாலை, செம்பனைத் தோட்டம். வெப்பம் கூடினால் மேலே ஏறலாம்; உச்சிக்கு மேல் எங்கே ஏறுவது?

மாமாவை அடுத்த பள்ளி விடுமுறையில் பிரேசர் மலைக்கு அழைத்துப் போகிறேன். கோலாலம்பூரிலிருந்து கோல குபு பாரு வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம். நீங்களும் போவதாக இருந்தால் முதல்நாளே போய்த் தங்குங்கள். காலையில் கிளம்பினால் அந்துப்பூச்சி விருந்து முடிந்திருக்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது பக்கத்திலேயே வரும். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பறவைப் பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். போட்டிப் பறவை வந்துவிட்டதென்று நினைத்து அது பதறும், தீனியை விடும். வலையோ பசையோ வைத்திருப்பது கண்ணில் பட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.