ஆள் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது!

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ் போட்டிருக்கிறேன். யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நேற்றே ஊருக்குப் போய்விட்ட மைத்துனர் பெயரும் வருகிறது. அவர் பாஸ்வேர்டை யாராவது திருடிவிட்டார்களா?"

பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களிலும் இது விண்டோஸுடன் சேர்ந்து வந்தது.

உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருப்பார் அல்லவா? உள்ளே வருபவர் பெயரும் நேரமும் எழுதுகிறார். வந்தவர் பின்கேட் வழியாகப் போய்விட்டால், நோட்டில் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்! லினக்ஸில் இந்த நோட்டுக்கு யூ.டி.எம்.பி. என்று பெயர். லாக்-அவுட் ஆகும்போது அந்தப் பதிவு மூடப்பட வேண்டும். டெர்மினல் விண்டோ திடீரென்று செத்துப்போனால் மூட ஆளில்லை. 'ஹூ' கமாண்ட் இந்த நோட்டைத்தான் படிக்கிறது.

நாம் போய்ப் பார்க்கலாம். டெர்மினலில் டபிள்யூ, எச், ஓ என்று தட்டி, இடம் விட்டு, மைனஸ் யூ சேர்த்து என்டர் அழுத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு புராசஸ் எண் தெரியும். இப்போது பி, எஸ் தட்டி, இடம் விட்டு மைனஸ் பி, மறுபடி இடம் விட்டு மைத்துனர் வரியில் உள்ள எண்ணைக் கொடுங்கள். தலைப்பு மட்டும் வந்து கீழே ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் பழைய பதிவு. ஏதாவது வந்தால் அதன் பெயரையும் பாருங்கள். அதே எண் பிறகு வேறு புரோகிராமுக்குப் போயிருக்கலாம்.

'லாகின்' என்று வந்தால் மைத்துனர் லாக்-அவுட் செய்யாமலே கிளம்பிவிட்டார். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்2, எஃப்3 என்று அழுத்திப் பாருங்கள், அவர் ஸ்கிரீன் அப்படியே திறந்து கிடக்கும். 'எஸ்.எஸ்.எச்.டி.' என்று வந்து, 'ஹூ' வரியின் அடைப்புக்குறிக்குள் உங்களுக்குத் தெரியாத முகவரி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பழைய பதிவு என்றால் ரீஸ்டார்ட் செய்தால் போதும். இன்றைய லினக்ஸில் இந்த நோட்டு மெமரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். பைலை எடிட்டரில் திறந்து திருத்த வேண்டாம். அது டெக்ஸ்ட் பைல் அல்ல.

பழைய வரலாறு டபிள்யூ.டி.எம்.பி. என்ற பைலில் ஹார்ட் டிஸ்கிலேயே தங்கும். 'லாஸ்ட்' கமாண்டில் 'கிராஷ்' என்று வந்தால் டிஸ்க் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் கரண்ட் போய், முறைப்படி ஷட்-டவுன் ஆகாமல் நின்ற நாள் அது.

இந்தப் பதிவுகளில் நேரம் 32 பிட்டில் இருப்பதால் 2038 ஜனவரி 19-க்குப் பிறகு கணக்கு தவறும். அதனால் 2025-ல் வந்த டெபியன் 13-ல் 'லாஸ்ட்' தானாக வருவதில்லை, வேண்டுமென்றால் டபிள்யூ.டி.எம்.பி.டி.பி. என்ற பேக்கேஜைப் போட வேண்டும். இப்போது யார் உள்ளே என்பதை 'லாகின்சிடிஎல்' சொல்லும். அதில் 'குளோசிங்' என்று நின்றால், ஆள் போன பிறகும் அவருடைய புரோகிராம் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.