எதிராளி இல்லாத சதுரங்கப் போட்டி

சதுரங்கம் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டமாகும். ஆயினும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வெற்றி தோல்வி எய்தும் சதுரங்கப் போட்டியும் உண்டு. அதுவே புதிர் இயற்றும் போட்டி. பலகையில் சில காய்களை நிறுத்தி, வெள்ளைப் படை முதலில் ஆடி இத்தனை நகர்வுகளில் கறுப்பரசனை மடக்குக என்று விடுப்பதே புதிர். கறுப்புப் படை எங்ஙனம் தடுப்பினும் அவ்வரசன் தப்ப வழியின்றிச் சிக்குதல் வேண்டும்.

இத்தகைய போட்டிகளுள் முதலாவது 1854ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்றது. அதில் வென்றவர் வால்ட்டர் கிரிம்ஷா என்னும் ஆங்கிலேயர். அப்பொழுது அவருக்கு வயது 22. அந்நூற்றாண்டின் போட்டிகள் பலவற்றில் புதிரின்மேல் இயற்றியவர் பெயர் இராது. ஒரு குறிப்புமொழி மட்டுமே இருக்கும். பெயர் எழுதிய தாள் தனி உறையில் மூடப்பட்டிருக்கும். தீர்ப்புக்குப் பின்னரே உறை பிரிக்கப்படும். புகழாளரை உயர்த்தவோ புதியவரை இகழவோ நடுவர்க்கு இடமில்லை.

புதிருக்குரிய முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும். இயற்றியவர் எண்ணாத வேறொரு நகர்வாலும் அரசன் மடங்குவானாயின் புதிர் பழுதுற்றதாகும். பலநாள் உழைத்து அமைத்த புதிர், ஓரத்தில் நின்ற ஒரு காலாளை மறந்த காரணத்தால் வீழ்ந்துவிடும். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு வழியையும் மனிதரே ஆடிப் பார்த்துத் தேற வேண்டியிருந்தது.

பழுதற்றவை எல்லாம் சிறந்த புதிர்களாகிவிடுமோ? 1845இல், ஹோவர்டு ஸ்டாண்டன் நடத்திய ஆங்கிலச் சதுரங்க இதழில், தில்லியிலிருந்து வந்த புதிர் ஒன்று வெளியாயிற்று. அனுப்பியவர் 'ஷாகிர்து', அதாவது மாணவன், என்று ஒப்பமிட்டிருந்தார். தில்லியில் பணியாற்றிய லவ்டே என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் புனைபெயர் அது. அப்புதிரில் கறுப்பரசன் நகர இடமின்றித் தவிக்கும் நிலை நெருங்குகிறது. தாக்கப்படாமலே அவன் அவ்வாறு நின்றுவிடின் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். ஆதலின், மூலைவாக்கில் செல்லும் வெள்ளை அமைச்சர் பலகையின் கடைக்கோடிக்குப் பின்வாங்குகிறார். நேர்வாக்கில் செல்லும் வெள்ளைக் கோட்டை அவர்முன் வந்து நின்று அவர் பார்வையை மறைக்கிறது. காவல் நீங்கியதென்று அரசன் அவ்வழியில் அடியெடுத்து வைக்கிறான். உடனே கோட்டை விலக, இரண்டும் ஒருங்கே தாக்க, அரசன் மடங்குகிறான். தன் படையின் வலிமையைத் தானே மறைத்து வெல்லும் உத்தி இது!

அப்புதிருக்கு வேறு தீர்வுகளும் உண்டு. போட்டிக்கு வந்திருந்தால் அது தள்ளப்பட்டிருக்கும். எனினும் 'இந்தியப் புதிர்' என்று பெயர் பெற்று, அதே கருத்தைப் பழுதின்றி அமைக்குமாறு ஐரோப்பியப் புலவர் பலரை அது தூண்டிற்று.

கிரிம்ஷாவின் கருத்தும் மறைத்தலைப் பற்றியதே. கறுப்புக் கோட்டையின் வழியும் கறுப்பு அமைச்சரின் வழியும் ஒரு கட்டத்தில் வெட்டிக்கொள்கின்றன. கோட்டை அங்கு வந்தால் அமைச்சர்க்கு வழியில்லை. அமைச்சர் வந்தால் கோட்டைக்கு வழியில்லை. குறுகிய வாயிலில் முன்வந்து நின்றவர் பின்வருபவரைத் தடுப்பது போன்றது இது. 1850இலேயே அவர் இதனை ஒரு புதிராக அமைத்து வெளியிட்டிருந்தார். புதிர் இயற்றுவோர் இவ்வமைப்பை இன்றும் 'கிரிம்ஷா' என்றே வழங்குகின்றனர்.