பனங்கட்டிக்குப் பிள்ளைகள் முந்துவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டிக் குட்டானைப் பிரித்தால், பெரியவர்கள் ஒரு துண்டைக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பதோடு நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளோ மறுபடியும் கை நீட்டுவார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் மட்டும் அல்ல. வளரும் உடல் சக்தியைத் தேடுகிறது. தாய்ப்பாலே இனிப்புத்தானே!

இதை ஆய்வுகூடத்தில் எப்படி அளப்பார்கள்? எலிக்கூண்டில் இரண்டு போத்தல்கள் வைப்பார்கள்: ஒன்றில் தண்ணீர், மற்றதில் சீனிக் கரைசல். எது எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் நிறையக் குடிப்பதும் நன்றாக ருசிப்பதும் ஒன்றல்ல. ருசியை அறிய முகத்தைப் பார்க்க வேண்டும். இனிப்புப் பட்டதும் எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கசப்புப் பட்டால் வாயை அகலத் திறக்கும். பிறந்த குழந்தையின் முகமும் ஏறக்குறைய இப்படித்தான் மாறும். இளம்பருவ எலிகள், வளர்ந்தவற்றைவிட அதிகமாகவே நாக்கை நீட்டுகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ், எலி மூளையின் சில பகுதிகளில் டோபமின் என்ற இரசாயனத்தை 99 சதவீதம் வரை அழித்துப் பார்த்தார். அந்த எலிகள் உணவைத் தேடவே இல்லை. வாயில் விட்ட இனிப்பை மட்டும் முன்போலவே ரசித்தன! ஆக, டோபமின் கிளப்புவது ஆசையை, ருசியை அல்ல. அதை ‘இன்ப இரசாயனம்’ என்று எழுதுவது தவறு.

மனிதரில் பிள்ளைப் பருவத்து இந்த அதீத இனிப்பு நாட்டம், பதின்ம வயதில் வளர்ச்சி ஓயும்போது தானாகக் குறையத் தொடங்குகிறது.