புயலைத் துரத்தும் மடிக்கணினி: ஆப்பிளில் விண்டோஸ் மென்பொருள் இயங்குமா?

சுழற்காற்று என்றதும் பலருக்கு 1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘டுவிஸ்டர்’ திரைப்படம்தான் நினைவுக்கு வரும். பசு மாடு காற்றில் பறந்து போகும் காட்சியைக் கண்டு வியந்தவர்கள், உண்மையிலேயே இப்படிப் புயலைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பதுண்டு. இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா, கான்சஸ், டெக்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் சமவெளிகளில், குறிப்பாக ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஆய்வாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் ஆர்வலர்களும் காரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து புயலைப் பின்தொடர்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் அவர்களுக்குக் கண்ணாக இருப்பது ரேடார் படங்களைக் காட்டும் மடிக்கணினி. அங்கேதான் ஒரு சிக்கல். புயல் துரத்துவோரிடையே பெயர்பெற்ற கிப்சன் ரிட்ஜ் நிறுவனத்தின் ஜிஆர்லெவல்3, ஜிஆர்2அனலிஸ்ட் ஆகிய மென்பொருள்கள் விண்டோஸ் இயங்குதளத்திற்காக மட்டுமே எழுதப்பட்டவை. கையில் இருப்பதோ ஆப்பிள் மடிக்கணினி. என்ன செய்வது? கேட்பதற்குச் சாதாரணக் கணினிக் கேள்வி போலத் தோன்றும். புயலுக்கு முன்னால் நிற்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

ரேடார் சொல்லும் சேதி

1973ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டி என்ற சிற்றூரைச் சுழற்காற்று தாக்கியது. ஆய்வாளர்கள் அதைத் தரையிலிருந்து படம்பிடித்தனர். அதே நேரத்தில் நார்மன் நகரில் இருந்த டாப்ளர் ரேடாரும் அந்தப் புயலைப் பதிவு செய்தது. பிறகு பதிவுகளை ஆராய்ந்தபோது, காற்று தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் சுழற்சி தெரிந்தது புலப்பட்டது. அந்த அனுபவமும் சேர்ந்தே, 1990களில் நாடு முழுவதும் ‘நெக்ஸ்ராட்’ எனப்படும் டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட வழிவகுத்தது. இன்று சுமார் 160 ரேடார்கள் அந்தக் கட்டமைப்பில் உள்ளன.

டாப்ளர் ரேடார் மழை எங்கே பெய்கிறது என்பதோடு நிற்பதில்லை. காற்று ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதையும் சொல்கிறது. நோக்கி வருவதைப் பச்சையிலும் விலகிப் போவதைச் சிவப்பிலும் காட்டுவது வழக்கம். இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் அடர்த்தியாகத் தெரிந்தால் அங்கே மேகம் சுழல்கிறது என்று பொருள்.

இந்தத் தகவல் இரண்டு வகையில் கிடைக்கிறது. ‘லெவல் 3’ என்பது ஓரளவு சமைத்துப் பரிமாறப்பட்ட படம், அளவில் சிறியது, கைப்பேசிச் சமிக்ஞை பலவீனமாக இருக்கும் இடத்திலும் வந்து சேரும். ‘லெவல் 2’ என்பது முழுமையான மூலத் தரவு. அதைக் கொண்டு புயலைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம், முப்பரிமாணத்திலும் பார்க்கலாம். ஆனால் அதற்கு வலுவான கணினியும் நல்ல இணைய இணைப்பும் தேவை. ஜிஆர்லெவல்3 முதல் வகைக்கும், ஜிஆர்2அனலிஸ்ட் இரண்டாம் வகைக்கும் உரியவை.

ஆப்பிளில் விண்டோஸ்: மூன்று வழிகள்

முதல் வழி, ‘பூட் கேம்ப்’. ஆப்பிள் நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் சில்லுகளுக்கு மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் பூட் கேம்ப் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. வன்தட்டின் ஒரு பகுதியில் விண்டோஸை நிறுவி, கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஆப்பிள் மடிக்கணினி முழுக்க முழுக்க விண்டோஸ் கணினியாகவே நடந்துகொள்ளும். ரேடார் மென்பொருளுக்குக் கணினியின் முழு வலிமையும் கிடைக்கும். ஒரே குறை, மேக் பக்கத்துக்குத் திரும்ப வேண்டுமானால் கணினியை மறுபடியும் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, மெய்நிகர் கணினி. பேரலல்ஸ், விஎம்வேர் ஃபியூஷன் போன்ற மென்பொருள்கள் மேக் திரைக்குள்ளேயே ஒரு விண்டோஸ் கணினியை உருவாக்குகின்றன. ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் குடியிருப்பது போல, நினைவகத்தையும் சில்லின் வேகத்தையும் அவை பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, ‘வைன்’ அல்லது அதன் வழிவந்த ‘கிராஸ்ஓவர்’. இவற்றுக்கு விண்டோஸே தேவையில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை மேக்குக்குப் புரியும்படி மொழிபெயர்த்துச் சொல்பவை இவை. செலவு குறைவு. ஆனால் எல்லா மென்பொருளும் ஒழுங்காக இயங்கும் என்ற உறுதி இல்லை. முப்பரிமாணப் படங்கள் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் இடறும்.

2020ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தனது சொந்த எம்1 சில்லுக்கு மாறத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அந்த வகைக் கணினிகளில் பூட் கேம்ப் கிடையாது. ‘ஆர்ம்’ வகைச் சில்லுக்கான விண்டோஸை மெய்நிகர் கணினியில் இயக்கலாம். பேரலல்ஸ் வழியாக எம்1, எம்2 கணினிகளில் விண்டோஸ் 11 இயக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. ஆனால் இன்டெல் வகைக் கணினிக்கு எழுதப்பட்ட மென்பொருளை அந்த விண்டோஸ் மறுபடியும் மொழிபெயர்த்துத்தான் இயக்க வேண்டும். இதனால், விண்டோஸே வேண்டாம் என்று, மேக்கிலும் ஐபேடிலும் நேரடியாக இயங்கும் ‘ரேடார்ஸ்கோப்’ செயலியைப் பயன்படுத்துவோரும் உண்டு.

வீட்டில் ஓடியது காரில் ஓடுமா?

வீட்டு மேசையில் மூன்று வழிகளுமே அழகாக இயங்கலாம். குலுங்கும் காரில், விட்டு விட்டு வரும் இணைப்பில், மின்கலம் குறைந்துகொண்டே போகும் வேளையில் எது நிலைத்து நிற்கும் என்பதே கேள்வி. இடையில் எத்தனை அடுக்கு இருக்கிறதோ, அத்தனை இடத்தில் கோளாறு வரலாம்.

இருப்பிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ் கருவியை மடிக்கணினியில் செருகினால், மேக் அதைத் தனதாக்கிக்கொள்ளக்கூடும். மெய்நிகர் விண்டோஸுக்கு அது தெரியாமலே போகலாம். மடிக்கணினியை மூடித் திறந்தால் மெய்நிகர் கணினியின் கடிகாரம் பின்தங்கி நிற்பதும் உண்டு. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினால் திரை சில நிமிடங்கள் வெறுமையாகிவிடும்.

ஆகவே புறப்படுவதற்குச் சில நாள் முன்பே ஒத்திகை பார்ப்பது நல்லது. காரிலேயே வைத்து, கைப்பேசி இணைப்பில், ஜி.பி.எஸ் கருவியோடு இரண்டு மணி நேரம் இயக்கிப் பார்க்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதி வேண்டும். இவ்வளவும் ஒத்துவரவில்லை என்றால், புயலுக்கென்றே ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினியை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கைப்பேசியில் ஒரு ரேடார் செயலியும், தாளில் அச்சிட்ட சாலை வரைபடமும் துணைக்கு இருப்பது நலம்.

படத்தின் வயது என்ன?

எல்லாம் சரியாக இயங்கினாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. திரையில் தெரிவது இப்போதைய வானம் அல்ல. கடும் புயல் நேரத்தில் ரேடார் தன் முழுச் சுற்றையும் முடிக்க 4 முதல் 6 நிமிடம் ஆகும். தரைக்கு அருகில் உள்ள நிலையை இடையிடையே கூடுதலாகப் பார்க்கும் முறை 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இந்த இடைவெளி குறைந்தது. எனினும் படம் கணினிக்கு வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நகர்கிறது. படம் 5 நிமிடம் பழையது என்றால், புயல் திரையில் இருக்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பல ரேடார்களை ஒட்டிச் சேர்த்த படங்களில் தாமதம் இன்னும் கூடும். விமானிகள் பார்க்கும் அத்தகைய படங்கள், திரை காட்டும் வயதைவிட மிக மோசமான நிலையில் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூனில் எச்சரித்தது. கடிகாரமும் தவறாக இருந்தால் நிலைமை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூரமும் ஒரு தடை. ரேடார் கதிர் நேராகப் போகப் போகப் பூமி வளைந்துகொண்டே போகிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் மிகத் தாழ்ந்த கதிரும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் செல்லும். அதற்குக் கீழே நடப்பதை ரேடார் காண்பதில்லை.

எல் ரீனோ தந்த பாடம்

2013ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே உருவான சுழற்காற்று 4.2 கிலோமீட்டர் அகலம் கொண்டது. இதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அகலமானது. அது திடீரென விரிந்து, திசை மாறி, வேகமெடுத்தது. அதில் சிக்கி டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் ஆகிய மூவரும் உயிரிழந்தனர். டிம் சமராஸ் விளையாட்டுக்குப் புயலைத் துரத்தியவர் அல்லர். 2003ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில், அவர் வைத்த கருவி சுழற்காற்றுக்குள் காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது. அத்தகைய அனுபவசாலிக்கே தப்பிச் செல்ல நேரம் கிடைக்கவில்லை.

அதனால்தான் எந்த மென்பொருளை எந்தக் கணினியில் இயக்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சாலையில் இறங்கிய பின் மென்பொருளைச் சரிசெய்துகொண்டிருப்பவரின் கண் வானத்தில் இருக்காது. ஓட்டுபவர் ஒருவர், திரையைக் கவனிப்பவர் வேறொருவர் என்று இருப்பதே முறை. திரை அணைந்துபோனாலோ படம் புதுப்பிக்கப்படாமல் நின்றாலோ, காரணத்தை ஆராய்வது பிறகு. முதலில் புயலின் பாதையிலிருந்து விலகிப் போய்விட வேண்டும்.