ஒரே தோட்டத்தில் இரண்டு பழைய வீடுகள்

நுவரெலியாவுக்கு வரும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் கிராண்ட் ஹோட்டலின் முன்னால் நின்று ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. செங்குத்துக் கூரை, புகைபோக்கி, முன்னால் சீராக வெட்டிய புல்தரை. அது ஹோட்டலுக்கென்று எழுந்த இடமல்ல. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் குளிர்காயக் கட்டிய வீடு அது. 'பார்ன்ஸ் ஹோல்' என்பது பழைய பெயர். 1891இல்தான் ஹோட்டலாக மாறியது. இன்று நாம் பார்க்கும் தோற்றத்தில் பெரும்பகுதி பிறகு சேர்ந்தது.

செங்குத்துக் கூரை இங்கிலாந்தில் பனி வழுக்கி விழுவதற்கானது. நுவரெலியாவில் உறைபனி பூக்கும், பனி கொட்டாது. ஆக, அந்தக் கூரை ஊர் நினைப்பில் போட்டது. கணப்படுப்பு மட்டும் உண்மையிலேயே தேவைப்பட்டது.

அதே நினைப்பில்தான் ஹட்டன் பக்கத்துத் துரை பங்களாக்களும் எழுந்தன. மேட்டில் பங்களா, கீழே தொழிற்சாலை, அதற்கும் கீழே லயம். என் தாத்தா ஒரு பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை செய்தவர். (எங்களிடம் வெறுமனே 'தோட்டம்' என்றால் தேயிலைதான்.) ரோஜாவுக்குக் கவ்வாத்து எப்போது, புல்லை எவ்வளவு கட்டையாக வெட்டலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாலையில் அவர் திரும்பியது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவுக்கு. தகரக்கூரை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, புகை போக வழியில்லாத அடுப்படி.

அந்த பங்களா இன்று சுற்றுலா விடுதி. பழைய குளியல் தொட்டி, மரத்தளம், கணப்படுப்பு என்று எதையும் மாற்றாமல் வைத்திருப்பதற்காகவே வெளிநாட்டார் பணம் கொடுக்கிறார்கள். லயமும் மாறவில்லை. அதை யாரும் மரபுரிமை என்று சொல்வதில்லை.

இந்த வேறுபாடு வயதால் வந்ததல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகை வந்தது. காணி இன்னமும் அரசினுடையது. பங்களாவை விடுதியாக்கக் கம்பனிக்குக் குத்தகை ஒரு பிடிமானம். லயத்தில் நாலு தலைமுறையாக இருப்பவருக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. குடியிருப்பு வேலையோடு கட்டுண்டது. பின்பக்கம் ஒரு குசினி இறக்குவதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

போரில் வீடிழந்த வாசகர்களுக்கு இது விளங்கும். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு திரும்பியவர்கள் முதலில் தேடியது உறுதியைத்தானே. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் இந்த வலியை இரண்டு தடவை பட்டவர்கள். இங்கே லயம், அங்கே உறுதியில்லாத காணி.

2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் கட்டப்படத் தொடங்கின. இந்தியா முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது, 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 அறிவித்தார். வீடு கிடைப்பது நல்லதுதான். ஆனால் சாவி வாங்கும் மேடையில் கையில் தரப்படும் தாளைப் படித்துப் பாருங்கள். அது காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதியா, இல்லை வெறும் கடிதமா? கடிதத்தை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது.

தாத்தா நட்ட ரோஜாச் செடிகள் விடுதியின் முன்புறத்தில் இன்னும் பூக்கின்றன. அம்மா பிறந்த காம்பிராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது.