அவ்வை சண்முகம்: ரெக்கார்ட் ஆகாத ஒரு நடிப்பு

போன வாரம் வத்தல்மலை போயிருந்தேன். தர்மபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறினா, மேலே காபித் தோட்டமும் சில்லுனு காத்தும். அங்க ஒரு பாட்டி கையில நெல்லிக்காயைக் குடுத்து, "அதியமான் அவ்வைக்குக் குடுத்தது தம்பி, சாப்பிடு"ன்னாங்க. அதியமானோட தகடூர்தானே இன்றைய தர்மபுரி!

அவ்வைன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது சென்னை அவ்வை சண்முகம் சாலை. தினமும் அந்த ரோட்டுல போறோம். யார் இந்தச் சண்முகம்?

டி.கே.சண்முகம் 1912-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர், பெண் வேஷம் கட்டுறவர். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளோட பாலர் நாடக சபையில், ஆறு வயசுல சண்முகம் சேர்ந்தார். அண்ணன்களும் கூடவே.

பாலர் சபைன்னா என்ன? நடிகர்கள் எல்லாருமே சின்னப் பசங்க. அங்கேயே சாப்பாடு, தூக்கம், பாட்டு, வசனம். ஊர் ஊரா கேம்ப். இன்னைக்குப் பார்த்தா, அந்தப் பசங்களோட பள்ளிக்கூடம் என்னாச்சுன்னு கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான். ஆனா அவங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். சின்னப் பையன் சண்முகம் நடிக்கணும்னே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதினார்னு சொல்வாங்க.

1925-ல் சகோதரர்கள் நாலு பேரும் சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க: சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. அதுதான் டி.கே.எஸ். சகோதரர்கள். 1935-ல் அவங்க நாடகமான 'மேனகா' ராஜா சாண்டோ இயக்கத்துல படமாச்சு. புராணக் கதைகளே ஓடின காலத்துல அது சமூகக் கதை. என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன்னு பலரும் இந்தக் கம்பெனியில வளர்ந்தவங்கதான்.

சினிமா வந்த பிறகும் சண்முகம் மேடையை விடலை. 1940-களில், முப்பது வயசு சுமாருக்கு, 'ஔவையார்' நாடகத்தில் கூன் விழுந்த கிழவியா நின்னார். அந்தப் பேரே அவரோட ஒட்டிக்கிச்சு.

இங்கதான் எனக்கு உறுத்துது. 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்துல கே.பி.சுந்தராம்பாள் நடிச்சாங்க. அவ்வைன்னா இன்னைக்கு நம்ம கண்ணுல வர்றது அவங்க முகம்தான். டி.கே.எஸ். மேடையேத்தின 'ராஜராஜ சோழன்' 1973-ல் சிவாஜி நடிச்சுப் படமாச்சு. அதுவும் சிவாஜி முகமாத்தான் நிக்குது. சண்முகம் அதே வருஷம்தான் காலமானார்.

என் வேலையில பேக்கப் இல்லாம எதையும் விடமாட்டோம். நாடகத்துக்கு அந்த வசதி கிடையாது. திரை விழுந்தா அன்னைக்கு நடிச்சது போச்சு. மிஞ்சுறது ரெண்டே வழியில. ஒண்ணு, எழுத்து: 'எனது நாடக வாழ்க்கை'ன்னு அவர் எழுதின புத்தகம். இன்னொண்ணு, ஆள். 'களத்தூர் கண்ணம்மா'வுக்கு அப்புறம் அவர் குழுவில சேர்ந்த ஒரு சின்னப் பையன், 1996-ல் மாமி வேஷம் போட்டு ஒரு படம் பண்ணி, தலைப்புலயே ஆசானுக்கு நன்றி சொன்னார். கமல்ஹாசன், 'அவ்வை சண்முகி'.

அடுத்த தடவை அந்தப் படம் டிவியில வந்தா, பேரைக் கொஞ்சம் நின்னு படிங்க.